விளக்கில் தெரிந்த வயிறு

ஐம்பதுகளின் தொடக்கத்தில், ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டியிருந்த ஒரு ஆஸ்பத்திரியில் நான் மயக்க மருந்து டாக்டராக வேலை பார்த்தேன். பெயர்தான் மயக்க மருந்து. எனக்குப் பிடித்தது ஆளை மயக்காமலே செய்கிற வேலை. முதுகெலும்பின் இடுக்கில் ஓர் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே எல்லாம் மரத்துப்போகும். ஆள் விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். கீழே சர்ஜன் தன் பாட்டுக்கு வெட்டித் தைத்துக்கொண்டிருப்பார். ஆளை மயக்குகிற ஈதரின் நாற்றம் கிடையாது, நாள் முழுக்க வாந்தி கிடையாது. இந்த ஊசியை அங்கே வழக்கத்துக்குக் கொண்டுவந்தவள் நான்தான் என்ற பெருமை எனக்கு அப்போது நிறைய இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

இதில் ஒரே தொந்தரவு, ஆள் விழித்துக்கொண்டிருக்கிறான் என்பது. விழித்திருக்கிறவன் பயப்படுவான். பயந்தவன் உடம்பை முறுக்குவான், மூச்சைப் பிடிப்பான், நடுவில் எழுந்து உட்காரப் பார்ப்பான். ஆகவே நோயாளியின் பயத்தைப் பற்றி எங்கள் ஆஸ்பத்திரியில் ஆளுக்கொரு கட்சி இருந்தது.

பெரிய டாக்டரின் கட்சி, நோயாளியிடம் வாயே திறக்கக் கூடாது என்பது. அவர்தான் எங்கள் சர்ஜன். கை தங்கம், வாய் தகரம். "பேசினா பயம் வரும். மீனை நறுக்குறவன் மீன்கிட்ட பேசிக்கிட்டா நறுக்குறான்?" என்பார். தொழிலை வைத்தே ஒருவனுடைய பயத்தைச் சொல்லிவிடலாம் என்பது அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு. ரயில்வேக்காரன் அடிக்கொரு தரம் மணி கேட்பான், மீன்காரன் சண்டைக்கு வருவான், குமாஸ்தா ஊசியைப் பார்த்ததுமே சாய்ந்துவிடுவான், சத்தமே போடாமல் படுத்திருக்கிறவன் கடைசியில் எகிறிக் குதிப்பான். தான் சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை என்பார். தப்பிய நாட்களை அவர் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டரின் கட்சி வேறு. இருபது வருஷ சர்வீஸ் உள்ள அம்மாள். "இடுப்புத் துணியைக் கூட உருவிட்டு நாலு பேர் முன்னாடி படுக்க வெச்சா யாருக்குத்தான் பயம் வராது? அது பயம் இல்ல டாக்டர், வெக்கம்" என்பார். யாருக்கும் தெரியாமல் நோயாளியின் கையில் அவனுடைய சொந்தத் துண்டைக் கொடுத்து வைப்பார். கிருமி கிருமி என்று நான் கத்துவேன். அவர் காதில் வாங்கியதே இல்லை.

என் கட்சி, உண்மையைச் சொல்லிவிடுவது. தெரியாததால்தான் பயம் வருகிறது, எல்லாவற்றையும் விளக்கிவிட்டால் பயம் போய்விடும் என்று நான் முழு மனதோடு நம்பினேன். அப்பாவுக்கு அந்தப் பக்கத்தில் கருப்பட்டி மொத்தக் கடை. தெற்கிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களைக் கேட்டே வளர்ந்தவள் நான். அதனால் ஊசியைக் கையில் எடுக்கும் முன் ஒரு சின்னப் பிரசங்கம் வைத்துவிடுவேன். "உங்கள் முதுகெலும்புக்குள்ளே ஒரு நீர் இருக்கிறது, அதில் இந்த மருந்து கலக்கும், அப்போது உங்கள் கால்கள் இருக்கும், ஆனால் இருப்பதாக உங்களுக்குத் தோன்றாது" என்று தொடங்கிப் பத்து நிமிஷம் பேசுவேன்.

காசிமேட்டிலிருந்து வந்த ஒரு மீனவர் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். பிறகு டேபிளிலிருந்து மெல்ல இறங்கினார். "இதுக்கு நேரா மூலக்கொத்தளமே போய்டலாம்மா. அங்க ஊசி கீசி போடமாட்டாங்கோ" என்று சொல்லிவிட்டு நடந்தார். சுடுகாட்டுக்குப் போகத் தயார், என் ஊசிக்குத் தயார் இல்லை. ஆஸ்பத்திரி அங்கியோடு அவர் கேட் வரைக்கும் போய்விட, சிஸ்டர் பின்னாலேயே ஓடினார். ஆள் போனால் போகட்டும், அங்கிக்கு அவர்தான் பொறுப்பு.

இன்னொருவர் ஊசி போட்டபின் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் "கால் கீதா பாரும்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இருக்கிறது என்றேன். "நல்லா பாத்து சொல்லு. ரெண்டும் கீதா?" என்றார். இரண்டும் இருக்கிறது என்றேன். பெரிய டாக்டர் கத்தியை நிறுத்திவிட்டு என்னை முறைத்தார். "கால் ரெண்டும் இருக்கு. வாய்தான் இன்னும் மரத்துப்போகலை. அதுக்கு ஒரு ஊசி கண்டுபிடிங்க" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

இப்படி மூன்று கட்சிகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த விஞ்சுக்காரர் வந்து சேர்ந்தார்.

சித்திரை மாதம், உச்சி வெயில். துறைமுகத்தில் அவரோடு வேலை பார்க்கிற நான்கு பேர் ஒரு தள்ளுவண்டியில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பல வருஷம் கப்பல் நிலக்கரியைக் கூடையில் சுமந்தவர். மூச்சு இரைக்க ஆரம்பித்த பிறகு, சரக்கைத் தூக்கி இறக்குகிற விஞ்சு இயந்திரத்துக்கு மாற்றியிருந்தார்கள். சுமை தூக்கிய நாட்களில் வந்த குடலிறக்கத்தைத் துணியால் கட்டிக்கொண்டே காலம் தள்ளியிருக்கிறார். அன்று காலையில் இறங்கிய குடல் மேலே போகாமல் அடிவயிற்றில் சிக்கிக்கொண்டது. நாங்கள் பார்க்கும்போது அந்த இடம் கல்லாக இருந்தது. ஆள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

பெரிய டாக்டர் அவருடைய மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். நிலக்கரித் தூள் படிந்த மார்பு, ஓட்டை ஆர்மோனியம் மாதிரி இழுத்தது. பெரிய டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "ஈதர் குடுத்தா டேபிள்லயே போயிடுவான். அறுக்காம விட்டா நாளைக்கு ராத்திரிக்குள்ள போயிடுவான். உங்க ஊசி எவ்வளவு நேரம் தாங்கும்?" என்றார். அதிகம் போனால் ஒன்றரை மணி நேரம் என்றேன். "குடல் உயிரோட இருந்தா அது போதும். செத்திருந்தா அந்தப் பகுதியை வெட்டி எடுத்துத் தைக்கணும், அதுக்குப் போதாது. நடுவுல ஈதருக்குத்தான் போகணும்" என்றார். ஈதருக்குப் போனால் என்ன ஆகும் என்று அவர் திரும்பச் சொல்லவில்லை.

பிரசங்கத்துக்கு நேரம் இல்லை. இருந்தாலும் என் கட்சியை விட்டுக்கொடுக்க மனம் வராமல் சுருக்கமாகச் சொன்னேன். முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது, முழித்துக்கொண்டு இருக்கலாம், நான் தலைமாட்டிலேயே இருப்பேன். அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"ஒண்ணுமே தெரியாதுன்னா, நீங்க ஆரமிச்சது எனக்கு எப்டி தெரியும்?" என்றார்.

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. நான் சொல்வேன் என்றேன்.

"அது போதும். விஞ்சுல குந்திகினு கீறவனுக்கு கீழ கப்பல் பள்ளத்துல இன்னா நடக்குதுன்னு தெரியாதும்மா. ஓரத்துல ஒர்த்தன் நின்னுகினு கை காட்டுவான். அவன் கை காட்டாத வரிக்கும், ஆயிரம் பேர் கத்தினாலும், சரக்கு கொக்கியில மாட்டலன்னு அர்த்தம். நான் ஒரு இஞ்சு அசைக்க மாட்டேன். இத்தினி வருசத்துல ஒர்த்தனுக்கும் என் கையால அடிபட்டதில்ல. நீ கை காட்டு, நான் பாத்துக்கறேன்."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை நாளில் என் கட்சிக்கு முதல் ஆள். கட்டாயம் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

எங்கள் தியேட்டர் ஒரு நீளமான கூடம். இரண்டு டேபிள்கள், நடுவில் சக்கரம் வைத்த துணித் தட்டி. அன்று மத்தியானம் அடுத்த டேபிள் காலியாகத்தான் இருந்தது. ஆளை உட்கார வைத்து, முதுகை வளைக்கச் சொல்லி, ஊசி போட்டேன். அசையவில்லை. படுக்க வைத்து, அவர் மார்புக்குக் குறுக்கே ஒரு வளைந்த கம்பியில் துணி கட்டி மறைத்தோம், கீழே நடப்பது தெரியாமல் இருக்க. குண்டூசியால் தொடையில் குத்திப் பார்த்தேன், தெரியவில்லை என்றார். வயிற்றில் குத்தினேன், தெரியவில்லை என்றார். சிஸ்டர் வழக்கம்போலத் துண்டை அவர் கையில் திணித்துவிட்டுப் போனார்.

அந்த நேரம் பார்த்து ரத்த அழுத்தம் இறங்கியது. இந்த ஊசி போட்டால் சில பேருக்கு இறங்கும். ஆளுக்கு முகம் வெளுத்தது. நான் ஒரு கையில் மருந்தும் ஒரு கையில் ரத்த அழுத்தக் கருவியின் பம்ப்புமாக அல்லாடினேன். அழுத்தம் மேலே ஏறி, அவர் உதட்டில் ரத்தம் திரும்பி, நான் நிமிர்ந்து பார்த்தபோது பெரிய டாக்டர் தன் கட்சிக் கொள்கைப்படி ஒரு வார்த்தை பேசாமல் ஆரம்பித்து, பாதி தூரம் போயிருந்தார்.

அப்போதுதான் விஞ்சுக்காரரின் கண்ணைக் கவனித்தேன். அது மேலே ஒரே இடத்தில் நின்றிருந்தது. அவர் பார்வையைப் பிடித்துக்கொண்டு நானும் மேலே பார்த்தேன். டேபிளுக்கு மேலே தொங்கிய பெரிய விளக்கின் உட்புறம் பளபளவென்று தேய்த்த தாம்பாளம் மாதிரி இருக்கும். அதில் கீழே நடப்பது எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. திறந்த வயிறு, பெரிய டாக்டரின் விரல்கள், சிவப்புத் துணிகள். இத்தனை நாள் கம்பியும் துணியும் கட்டி மறைத்ததெல்லாம் வீண். நோயாளிகள் எல்லாரும் கூரையில் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

சிஸ்டரும் பார்த்துவிட்டார். அவசரமாக ஒரு துணியை எடுத்து அவர் கண்ணை மூடப் போனார். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். "வுடு சிஸ்டர். பாத்துகினு கீறேன்" என்றார்.

நாடியைப் பிடித்துப் பார்த்தேன். எண்பது. கல் மாதிரி நிதானமான எண்பது. தன் வயிற்றை அறுப்பதைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிற மனிதனின் நாடி அது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உண்மையைச் சொன்னால் போதும், கண்ணால் பார்த்தாலும் பயம் வராது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம் என்று நினைத்தேன். துணி வேண்டாம் என்று சிஸ்டரிடம் தலையாட்டினேன். பெரிய டாக்டர் மட்டும் முகமூடிக்குள்ளிருந்து ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். சத்தம் போடாதவன், ஜாக்கிரதை, எகிறுவான் என்றார்.

சிக்கியிருந்த இடத்தை அவர் அறுத்து விட்டதும் குடலின் ஒரு வளையம் வெளியே வந்தது. பழுத்த நாவல் பழத்தின் நிறம்.

"அடப்பாவமே. இன்னாம்மா இப்டி கருத்துப் பூட்ச்சு?" என்றார் விஞ்சுக்காரர்.

சிக்கிக்கொண்டதால் ரத்தம் போகவில்லை, இப்போது சிக்கலை விடுவித்தாயிற்று, வெந்நீர்த் துணி சுற்றி வைத்துப் பார்ப்போம் என்று விளக்கினேன். நிறம் திரும்பினால் உள்ளே தள்ளித் தைத்துவிடலாம் என்றேன். திரும்பாவிட்டால் என்று கேட்டார். என் கட்சி உண்மைக் கட்சி அல்லவா, அதையும் சொன்னேன். வெட்டி எடுக்க வேண்டும், அது பெரிய வேலை, ஆபத்து என்றேன். சிஸ்டர் என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார்.

"பாவம்மா. பொண்டாட்டி புள்ளங்க இருப்பாங்கோல்ல" என்றார் அவர்.

தன்னையே மூன்றாம் மனிதனாக்கிப் பேசுகிறார் என்று புரிந்துகொண்டேன். பயத்தைத் தூரத்தில் நிறுத்தி வைக்க மனது செய்கிற உபாயம் இது, இதைப் பற்றி டாக்டர்கள் மாநாட்டில் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும் என்று அந்த நிமிஷத்திலேயே முடிவும் செய்தேன். கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

வெந்நீர்த் துணி சுற்றி ஐந்து நிமிஷம் ஆயிற்று. பெரிய டாக்டர் பிரித்துப் பார்த்தார். கறுப்பு. மறுபடி சுற்றினார். இன்னும் ஐந்து நிமிஷம். கறுப்புதான், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நீலம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஊசி போட்டு ஐம்பது நிமிஷம் ஆகிவிட்டது. பெரிய டாக்டரின் நெற்றியில் வேர்வை. சிஸ்டர் துடைத்தார். பெரிய டாக்டர் வெட்டுவதற்கான இடுக்கிகளைக் கேட்டார். என்னிடம், கண்ணாலேயே, ஈதரைத் தயார் செய் என்று சொன்னார். நான் ஈதர் புட்டியை எடுத்து மூடியைத் திருகினேன்.

"நைனா, தப்பா நெனிச்சிக்காத, ஒண்ணு சொல்லட்டா?" என்றது மறைப்புத் துணிக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு குரல்.

பெரிய டாக்டரை அதுவரை உலகத்தில் யாரும் நைனா என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அவர் கை அந்தரத்தில் நின்றது.

"சரக்கு மேல தூக்கினதும் ஆடும் பாரு, அப்ப அதுல கை வெக்கக் கூடாது. ஓடிப்போய் புடிக்கறவன் கையும் போவும், சரக்கும் போவும். சும்மா வுட்டா அதுவா நிக்கும். அவசரப்படாத. இன்னும் ஒரு தபா சுத்தி வெச்சி பாரேன். பாவம், பொழைக்கட்டும்."

பெரிய டாக்டரின் காது மடல்கள் சிவந்தன. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் இடுக்கியைத் தட்டில் வைத்தார். "வெந்நீர்" என்றார். தான் எப்படியும் இன்னொரு முறை பார்ப்பதாகத்தான் இருந்ததாகப் பிற்பாடு பலமுறை சொன்னார். இருக்கலாம். ஆனால் இடுக்கி கையில் இருந்ததை நான் பார்த்தேன்.

அந்த ஐந்து நிமிஷத்தில் தியேட்டரில் பயப்படாதவர் ஒருவர்தான். பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டார். சிஸ்டர் எண்ணிய துணிகளையே மறுபடி எண்ணினார். நான் நாடி பிடித்திருந்த கையை விஞ்சுக்காரர் பார்த்தார். "உன் கை ஆடுதும்மா. கொஞ்சம் ஸ்டூல்ல குந்து" என்றார். உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். திருவொற்றியூர் அம்மனுக்கு மொட்டை என்ற வார்த்தைகள் மட்டும் காதில் விழுந்தன. பிறகு கண்ணைத் திறந்து மறுபடி விளக்கைப் பார்த்தார்.

பெரிய டாக்டர் துணியைப் பிரித்தார். அவர் குனிந்திருந்ததால் அவர் தலையின் நிழல் எங்களுக்கு மறைத்தது. மேலே பார்த்தவருக்குத்தான் முதலில் தெரிந்தது.

"செவக்குது. அந்த ஓரத்துல செவக்குது பாரு" என்றார்.

நாவல் பழ நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, ஊதாவாகி, பிறகு உதட்டின் நிறத்துக்கு வந்தது. குடல் ஒருமுறை புழு மாதிரி நெளிந்தது. அவ்வளவு அழகான ஒரு பொருளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, சொல்ல வெட்கமில்லை. சிஸ்டர் மூக்கை உறிஞ்சினார். பெரிய டாக்டர் உள்ளே தள்ளித் தைக்க ஆரம்பித்தார். "நல்லாருக்கட்டும்" என்றார் விஞ்சுக்காரர். தையல் முடிகிற நேரத்தில் வலி தெரியாமல் தூங்க அவர் கையில் மார்ஃபியா போட்டேன். அவர் என்னிடம் என்னவோ கேட்க வாயெடுத்தார், அதற்குள் கண் சொருகிவிட்டது.

டீ அறையில் சண்டை நடந்தது. "நான் ஒரு வார்த்தை பேசலை பாத்தீங்களா? அதான் அவன் அமைதியா இருந்தான்" என்றார் பெரிய டாக்டர். சத்தம் போடாதவன் எகிறுவான் என்றீர்களே என்று கேட்டேன். அவன் சத்தம் போட்டானே, பேசிக்கொண்டுதானே இருந்தான் என்றார். சிஸ்டர், எல்லாம் அந்தத் துண்டு செய்த வேலை என்றார். நான் இருவரையும் பார்த்துச் சிரித்தேன். முன்கூட்டியே உண்மையைச் சொல்லி, நடப்பதைக் கண்ணாலும் பார்க்கவிட்டால் மனிதனுக்குப் பயமே கிடையாது என்று நிரூபித்துவிட்டேன் என்றேன். இனிமேல் மறைப்புத் துணியே வேண்டாம் என்றேன். பெரிய டாக்டர் டீயோடு வந்த என் பங்கு பன்னையும் எடுத்துத் தின்றுவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு நோட்டும் பென்சிலுமாக வார்டுக்குப் போனேன். கட்டுரைக்கு அவர் வாயாலேயே சில வார்த்தைகள் வேண்டும். அவர் மனைவி கட்டிலுக்குக் கீழே தரையில் கஞ்சிப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். விஞ்சுக்காரர் அப்போதுதான் கண் விழித்திருந்தார். கால்விரலை அசைத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு காலிலும் அசைந்தது.

"அந்தாளு பொழைச்சிட்டாராம்மா?" என்றார்.

எந்த ஆள் என்றேன்.

"அதான், பக்கத்து டேபிள்ள. வெளக்குல தெரிஞ்சாரே. கொடலு கருத்துப் பூட்டு கெடந்தாரே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆரம்பிக்கும்போது சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான். ரத்த அழுத்தத்தோடு மல்லுக்கட்டியதில் சொல்லவே இல்லை. நான் கை காட்டாத வரைக்கும் சரக்கு கொக்கியில் மாட்டவில்லை என்று அவருக்குக் கணக்கு. அவருக்கு வயிற்றில் எதுவும் தெரியவில்லை. ஆகவே மேலே தெரிந்த வயிறு தட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிற யாரோ ஒரு துரதிர்ஷ்டசாலியின் வயிறு. தன் முறை வரும் வரைக்கும் அவனுக்காகப் பரிந்து பேசியிருக்கிறார், சர்ஜனோடு வாதாடியிருக்கிறார், அம்மனுக்கு மொட்டை வேண்டிக்கொண்டிருக்கிறார். என் கட்டுரை, என் கட்சி, என் எண்பது நாடி எல்லாம் வராந்தா வழியாக வெளியே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிழைச்சுட்டார். நல்லா இருக்கார்" என்றேன்.

"அப்பாடா" என்றார். முகம் மலர்ந்தது. மனைவியைப் பார்த்து, "சொன்னேன்ல, அந்தாளு பொழைச்சிட்டாராம்" என்றார். அந்த அம்மாளுக்கும் சந்தோஷம். பிறகு என்னிடம், "சரி, எனக்கு எப்பம்மா ஆரமிக்கப் போறீங்கோ?" என்று கேட்டுக்கொண்டே வலிக்கிற இடத்தைத் தடவக் கையைக் கொண்டுபோனார்.

கை துணிக்கட்டின்மேல் பட்டது. அங்கேயே நின்றது. மெல்ல இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் தடவினார். என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் நெற்றியில் பொட்டுப் பொட்டாக வேர்த்தது. நாடியைத் தொட்டேன், நூற்று முப்பது. பற்கள் அடித்துக்கொண்டன. கட்டிலே கிடுகிடுவென்று ஆடியது. என் மணிக்கட்டைப் பிடித்தார். சரக்கை அந்தரத்தில் நிறுத்திப் பழகிய பிடி அது, விடுவிக்க முடியவில்லை.

"நாந்தானா அது?" என்றார். "அவ்ளோ கருப்பா கெடந்திச்சே. டாக்டரம்மா, எனக்கு இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆகாது. இப்பத்தானே சொன்னேன், பிழைச்சாச்சுன்னு. உங்களைத்தான் சொன்னேன்."

அவர் தலையை வேகமாக ஆட்டினார். கண்ணிலிருந்து நீர் காது வரைக்கும் வழிந்தது.

"அந்தாளு பொழைச்சிட்டாரு, அது சரிம்மா. நான் பொழைப்பனா? அத சொல்லு."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பிழைப்பீர்கள் என்றேன். நிஜமாவா என்றார். நிஜமாக என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். வார்டில் விளக்குப் போடுகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார், நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் மனைவி கஞ்சியைக் கலக்கிக் கலக்கி ஆற்றிக்கொண்டிருந்தார்.